சிவந்த கண்ணும் மீந்த மருந்தும்: வைரஸ் கண் நோய்க்கான மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

2022ஆம் ஆண்டு மழைக்காலம். யாங்கூன் தாம்வேயில் இருக்கும் என் அக்கா வைபரில் கூப்பிட்டார். "தம்பி, இடது கண்ணு செவந்து கெடக்கு. தண்ணியா ஊத்துது. வெளிச்சத்தப் பாக்க முடியல. அங்க நல்ல மருந்து இருந்தா யார்கிட்டயாவது குடுத்து விடேன்" என்றார்.

சில மாதங்களுக்கு முன்புதான் கோலாலம்பூரில் எனக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. அப்போது கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மீந்திருந்தது. விலை கூடிய மருந்து, வீணாகக் கூடாதே என்று எடுத்து வைத்திருந்தேன். ஊர் திரும்பிய ஒருவரின் பையில் அதை வைத்து அனுப்பினேன். அக்காவும் போட்டார். இரண்டு நாளில் சிவப்பு குறைந்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். பத்தாம் நாள் அந்தக் கண்ணில் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார்.

அக்காவுக்கு வந்திருந்தது ஹெர்ப்பீஸ் வைரஸ் தொற்று. நான் அனுப்பிய குப்பியில் நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டும் இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கியது. வைரஸுக்கோ வழி திறந்துவிட்டது. மருத்துவர் அந்த மருந்தை உடனே நிறுத்தி, வைரஸுக்கு எதிரான களிம்பு கொடுத்துப் புண்ணை ஆற்றினார். ஆனால் தழும்பு கருவிழியில் தங்கிவிட்டது. ஐம்பது வருடமாகத் தையல் வேலை செய்தவர், இப்போது ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறார்.

நான் வணிகவியல் படித்தவன். யாங்கூனில் கணக்கு எழுதியவன், இப்போது அகதி அட்டையோடு இங்கேயும் கணக்கு எழுதுகிறவன். மருத்துவன் அல்லன். அந்தத் தவறுக்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும், மருந்து அட்டைகளில் உள்ள குறிப்புகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊரில் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் என்னைப்போல் மருந்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. மருத்துவரிடம் போவதற்கு இது மாற்று ஆகாது.

எல்லாச் சிவந்த கண்ணும் ஒன்றல்ல

நாம் "கண் நோய்", "மெட்ராஸ் ஐ" என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல நோய்கள்.

மிக அதிகமாக வருவது அடினோ வைரஸால் வரும் கண் வெண்படல அழற்சி. ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் மற்றக் கண்ணுக்கும் பரவும். நீர் வடியும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே ஆறிவிடும். இந்த வைரஸைக் குணப்படுத்தும் என்று அங்கீகரிக்கப்பட்ட சொட்டு மருந்து இதுவரை இல்லை. ஹெர்ப்பீஸுக்கான மருந்தை இதற்குப் போட்டால் காசும் போகும், கண்ணும் எரியும்.

இன்னொன்று, வெண்விழியில் இரத்தம் கட்டியதுபோல் சிவக்கும் கொள்ளைநோய் வகை. இது 1969இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் பெரிய அளவில் தோன்றியது. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய ஆண்டு என்பதால் அங்கே "அப்பல்லோ நோய்" என்றே பெயர் வந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரிலும் இந்த வகை நோய் பரவியது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது கல்கத்தாவிலும் பரவியது. கல்கத்தா மக்கள் அதற்கு "ஜோய் பங்களா" என்று பெயர் வைத்தார்கள். கானாவில் தொடங்கிக் கடல் தாண்டி வந்த வைரஸ், கடைசியில் அகதியின் பெயரைச் சுமந்தது. எண்டெரோ வைரஸ் 70, காக்ஸாக்கி ஏ24 என்ற இரண்டும் இந்த வகை நோய்க்குக் காரணம். இதற்கும் தனி வைரஸ் கொல்லிச் சொட்டு கிடையாது. ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும்.

மூன்றாவது பாக்டீரியாத் தொற்று. கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைப் பீளை வரும். நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு இதற்குத்தான். அது எந்த வைரஸையும் தொடாது.

நான்காவது ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ். உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருமே, அதே வைரஸ். சிறு வயதில் உடலுக்குள் வந்து நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கும். காய்ச்சல், கடும் வெயில், மன உளைச்சல் போன்ற ஏதோ ஒரு சமயத்தில் எழும்பிக் கருவிழிக்கு வந்து, மரக்கிளைபோல் கிளைத்த புண்ணை உண்டாக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் மூன்றும் இருக்கலாம்.

ஐந்தாவது அக்கி. சின்னம்மை வந்துபோனவர்களின் நரம்பில் தங்கிய வைரஸ், ஐம்பது வயதுக்கு மேல் அதிகமாக எழும்பும். நெற்றியின் ஒரு பக்கம் கொப்புளமும் எரிச்சலும் வரும். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்குள்ளும் போக வாய்ப்பு அதிகம். இதற்குச் சொட்டு மருந்து போதாது. வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.

இந்த ஐந்தையும் வைபர் காணொளியில் பார்த்துப் பிரிக்க முடியாது. கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் கருவிழியில் உள்ள புண் பச்சையாக ஒளிரும். அக்காவுக்கு அந்தச் சோதனை செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வைரஸுக்கு எதிரான மருந்துகள் எவை?

கண்ணுக்கான முதல் வைரஸ் கொல்லி மருந்து ஐடாக்ஸியூரிடின். அதை 1959இல் உருவாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் புருசாஃப். 1962இல் ஹெர்பர்ட் காஃப்மன் என்ற கண் மருத்துவர் அது ஹெர்ப்பீஸ் கருவிழிப் புண்ணை ஆற்றும் என்று காட்டினார். அதுவரை வைரஸ் நோய்க்கு மருந்தே சாத்தியமில்லை என்று பலர் நினைத்திருந்தார்கள். அந்த மருந்து நல்ல செல்களையும் பாதித்ததால் இன்று அதிகம் பயன்படுத்துவதில்லை. இன்று மருத்துவர்கள் எழுதுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று:

அசைக்ளோவிர் 3 சதவீதக் கண் களிம்பு. கீழ் இமைக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளம் வைக்க வேண்டும். வழக்கமாக ஒரு நாளைக்கு ஐந்து முறை. புண் ஆறிய பிறகும் குறைந்தது மூன்று நாள் தொடர வேண்டும். வைத்த சில நிமிடம் பார்வை மங்கும், சிலருக்கு எரியும்.

கான்சைக்ளோவிர் 0.15 சதவீதக் கண் ஜெல். புண் ஆறும்வரை ஒரு நாளைக்கு ஐந்து முறை, பிறகு ஏழு நாள் மூன்று முறை.

டிரைஃபுளூரிடின் 1 சதவீதச் சொட்டு. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு சொட்டு, நாளுக்கு ஒன்பது சொட்டுக்கு மேல் கூடாது. ஆறிய பிறகு நான்கு மணிக்கு ஒரு முறை என்று ஏழு நாள். மொத்தம் 21 நாளுக்கு மேல் போடக் கூடாது; அதற்கு மேல் போனால் மருந்தே கருவிழியைப் புண்ணாக்கும்.

இந்த அளவுகளை எழுதியது, மருத்துவர் சீட்டில் உள்ளதைப் புரிந்துகொள்ளத்தான். நீங்களாகத் தொடங்குவதற்கு அல்ல. புண்ணின் ஆழம், வயது, கர்ப்பம், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் மாற்றுவார். சிறுநீரகக் குறை உள்ளவருக்கு அசைக்ளோவிர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அசைக்ளோவிர் என்ற பெயரில் தோலில் பூசும் 5 சதவீதக் கிரீமும் கடையில் கிடைக்கும். உதட்டுக் கொப்புளத்துக்கு வாங்கி வைத்திருப்போம். குழாய் ஒரே மாதிரி சின்னதாக இருக்கும். அதைக் கண்ணில் வைக்கவே கூடாது. குழாயின் மேல் "கண்ணுக்கு" என்று அச்சிட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஹெர்ப்பீஸ் திரும்பத் திரும்ப வரும் நோய். அமெரிக்காவில் நடந்து 1998இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரு முறை ஓராண்டு எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. எடுக்காதவர்களில் 32 சதவீதம். ஆகவே அடிக்கடி வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் களிம்பு வாங்குவதோடு நிற்காமல், மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கண்ணின் பின்பக்கம், விழித்திரையில் வரும் வைரஸுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேராது. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு வரும் சைட்டோமெகலோ வைரஸ் அப்படிப்பட்டது. மியான்மரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தன் எச்.ஐ.வி. மருத்துவர்களுக்கே கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கப் பயிற்சி கொடுத்தது இதற்காகத்தான். அதற்குரிய வால்கான்சைக்ளோவிர் மாத்திரையின் விலை, 2013இல் மருந்துக் காப்புரிமைக் குழுமம் ரோஷ் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் 138 நாடுகளுக்கு வெகுவாகக் குறைந்தது.

ஸ்டீராய்டை அடையாளம் காணுங்கள்

யாங்கூனில் சீட்டு இல்லாமலே கடையில் கண் சொட்டு வாங்கலாம். "சிவந்திருக்கிறது" என்றால் எடுத்துக் கொடுப்பதில் பல, நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்தவை. போட்ட மறுநாளே சிவப்பு இறங்குவதால் மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை. ஹெர்ப்பீஸ் புண் இருக்கும்போது இதைப் போட்டால் கிளைபோல் இருந்த புண் அகன்று பரவும். ஹெர்ப்பீஸ் இல்லாவிட்டாலும், நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரை வரும்.

வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள்: டெக்சாமெதசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெதசோன், புளூரோமெத்தலோன், லோடிபிரெட்னால். இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்ணைப் பார்த்து எழுதாமல் போடாதீர்கள்.

அதே சமயம், ஹெர்ப்பீஸ் கருவிழியின் ஆழத்தில் அழற்சியாக மாறும்போது, வைரஸ் மருந்தோடு சேர்த்து ஸ்டீராய்டையும் கண் மருத்துவரே கொடுப்பதுண்டு. அப்போது பயந்து நீங்களாக நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.

போடும் முறை

1. இரு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். அடினோ வைரஸுக்குச் சானிடைசரைவிடச் சோப்பும் தண்ணீரும் நல்லது.

2. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் கழற்றிவிடுங்கள். கண் முழுதாக ஆறி மருத்துவர் சொல்லும்வரை திரும்ப மாட்டாதீர்கள். பழைய லென்ஸையும் அதன் டப்பாவையும் எறிந்துவிடுங்கள்.

3. தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பைபோல் ஆக்கி, ஒரு சொட்டு விடுங்கள். குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ விரலிலோ படக் கூடாது.

4. ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் அதற்கு மேல் இடமில்லை. இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து வீணாகும்.

5. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரம் உள்ள கண் மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். மருந்து மூக்கு வழியாக உடம்புக்குள் இறங்குவது குறையும்.

6. வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். களிம்பைக் கடைசியாக வையுங்கள்.

7. நோயுள்ள கண்ணுக்கு வாங்கிய குப்பியை நல்ல கண்ணில் போடாதீர்கள். ஒருவர் குப்பியை இன்னொருவர் தொட வேண்டாம். துண்டு, தலையணை உறை தனித்தனியாக இருக்கட்டும்.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையல்ல. கையும் துணியும் வழியாகத்தான் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்கும், பரவுவதைத் தடுக்காது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் கண்ணில் அடித்த தண்ணீருக்குப் பிறகு சிவப்பும் வலியும் நின்றுகொண்டிருந்தால் அதையும் காட்டுங்கள். அழுக்குத் தண்ணீரும் உண்டு, வேகமாகப் பீய்ச்சியதால் பட்ட காயமும் உண்டு.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், பன்னீர் எல்லாம் நம் வீடுகளில் கேட்ட வைத்தியம்தான். கருவிழியில் புண் இருக்கும்போது இவை புதுக் கிருமியைக் கொண்டுவரலாம். ஆறவைத்த கொதிநீரில் நனைத்த சுத்தமான துணியால் இமையைத் துடைப்பது, மூடிய இமைமேல் குளிர்ந்த ஒத்தடம் வைப்பது, இவை போதும்.

தேதியும் குளிரும்

குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதி, மூடி திறக்காத குப்பிக்கு. திறந்த பிறகு பெரும்பாலான கண் சொட்டுகளுக்கு நான்கு வாரம்தான் ஆயுள். நான் அனுப்பிய குப்பி திறந்து மாதங்கள் ஆகியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் தேதி இல்லாத பற்றுச்சீட்டை ஏற்க மாட்டேன்; மருந்தில் அதை மறந்தேன். இப்போது குப்பி திறந்த அன்றே அதன்மேல் பேனாவால் தேதி எழுதிவிடுகிறேன்.

டிரைஃபுளூரிடின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். யாங்கூன் மின்வெட்டு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஃபிரிஜ் பாதி நாள் அலமாரிதான். சாதாரண அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய களிம்போ ஜெல்லோ எழுத முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எதையும் ஜன்னலோரமும் அடுப்பங்கரையிலும் வைக்காதீர்கள்.

சீல் உடைந்த, கலங்கிய, நிறம் மாறிய குப்பி வேண்டாம். 2023இல் நுவரெலியா மருத்துவமனையில் கண் அறுவை செய்துகொண்ட நோயாளிகளுக்கு, இந்தியாவிலிருந்து இறக்குமதியான பிரெட்னிசோலோன் சொட்டுக்குப் பிறகு தொற்று ஏற்பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டது; அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில், சென்னைக்கு அருகே தயாரான செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடையதாகக் கூறப்பட்ட கிருமித் தொற்றில் சிலர் பார்வையையும் சிலர் உயிரையும் இழந்தனர். முறையான வழியில் வந்த மருந்துக்கே இந்த நிலை என்றால், பையிலும் பொட்டலத்திலும் வருவதை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்!

ஊரிலிருந்து அழைப்பு வந்தால்

2021க்குப் பிறகு க்யாட் மதிப்பு சரிந்து, இறக்குமதி இறுகி, யாங்கூனில் மருந்து விலை ஏறிவிட்டது. அதனால்தான் நம்மிடம் கேட்கிறார்கள். கேட்டவுடன் மருந்துப் பெயர் சொல்லாமல், முதலில் இவற்றைக் கேளுங்கள்:

ஒரு கண்ணா, இரண்டுமா?
வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா?
ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் பார்வை மங்கலா?
முன்பு இதே கண்ணில் வந்ததுண்டா? உதட்டில் கொப்புளம் வருவதுண்டா?
நெற்றியில், மூக்கு நுனியில் கொப்புளம் உண்டா?
அடி, தூசி, சுண்ணாம்பு ஏதும் பட்டதா? காண்டாக்ட் லென்ஸ் உண்டா?
ஏற்கெனவே என்ன போட்டீர்கள்? குப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வலி, கூச்சம், மங்கல், கொப்புளம், லென்ஸ், அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பிறந்த குழந்தையின் கண் சிவந்தால் கேள்வியே வேண்டாம், உடனே போக வேண்டும். சுண்ணாம்போ ரசாயனமோ பட்டிருந்தால் முதலில் நிறையச் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

அனுப்புவதாக இருந்தால் மருந்துக்குப் பதில் மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள். மருத்துவர் எழுதிய மருந்து அங்கே கிடைக்கவில்லை என்றால், சீட்டின் படத்தைப் பார்த்து, அதே பெயர், அதே சதவீதம், சீல் உடையாத குப்பி வாங்கி அனுப்புங்கள். உங்கள் வீட்டில் மீந்ததை அனுப்பாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

போன வருடம் அக்காவுக்கு அதே கண் மறுபடி சிவந்தது. இந்த முறை என்னிடம் மருந்து கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டு, திரும்பி வந்த பிறகுதான் கூப்பிட்டார். அசைக்ளோவிர் களிம்புக் குழாயைத் திரையருகே பிடித்துக் காட்டினார். அதன்மேல் பேனாவால் தேதி எழுதியிருந்தது. "நீ சொன்ன மாதிரியே எழுதிட்டேன் தம்பி, சரியா இருக்கா பாரு" என்றார்.

சரியாக இருந்தது. அந்த முறை புதுத் தழும்பு விழவில்லை.